ஸ்னாப்: சித்தி கைகாட்டிய ஆளும் உண்மையான ஆளும்

போன தை மாதம் விருகம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு இடது பக்கம் சித்தி. எதிர் வரிசையில் பெரியப்பா மகன், பெங்களூரில் பெரிய சம்பளம். வடையைத் தொடவில்லை, அப்பளத்தைத் தொடவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்து நாலு வாய் விழுங்கிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனான். சித்தி என் காதோரம் குனிந்து, "பாத்தியாடா, நாலு காசு வந்ததும் சரியான ஸ்னாப் ஆயிட்டான்" என்றார். சித்தி பேங்க்கில் வேலை பார்த்து ரிடயர் ஆனவர். இங்கிலீஷ் வார்த்தைகளைத் தாராளமாகப் புழங்குவார்.

வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர். அன்றுதான் அறிமுகம். சாம்பார் வரும்வரை சிரித்துப் பேசினார். "பையன் எங்க படிக்கறான்?" என்று கேட்டார். "வீட்டுப் பக்கத்துல, கார்ப்பரேஷன் ஸ்கூல்" என்றேன். "ஓ" என்றார். அந்த ஓ மேலே ஏறத் தொடங்கி, பாதியில் யோசித்து, கீழே இறங்கியது. பிறகு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பினார். அவர் மகள் இண்டர்நேஷனல் ஸ்கூலில் படிக்கிறாளாம். ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு வரும் என்பதுவரை விசாரித்தார். பாயசம் வந்து, ஆறி, இலையை மடிக்கும்வரை என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவரைப் பற்றி சித்தி சொன்னது: "எவ்ளோ தன்மையான மனுஷர்."

எனக்குப் பிழைப்பு மொழிபெயர்ப்பு. இந்த ஒரு சொல் பல வருஷமாக என்னைப் படுத்துகிறது. 'பகட்டன்' என்று எழுதினால் பாதிதான் வருகிறது. 'கர்வி' என்றால் வேறு எங்கோ போகிறது. சென்னையில் எல்லோர் வாயிலும் புழங்குகிறது, ஆனால் ஆளாளுக்கு ஓர் அர்த்தம். அதனால்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். போட்டோவுக்குச் சொல்கிற ஸ்னாப் வேறு, இது வேறு. அதில் கடைசி எழுத்து 'பல்' என்பதில் வரும் ப. இதில் 'பஸ்' என்பதில் வரும் ப. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கும், என்ன செய்ய.

பந்தா, அலட்டல், பீட்டர்: இவையெல்லாம் என்ன?

உயரம் காட்டுகிறவர்களுக்கு நம் ஊரில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. புது பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, தேவையே இல்லாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவன் பந்தா காட்டுகிறான். சின்ன வேலையைச் செய்துவிட்டு மலையைப் புரட்டியதுபோல நடப்பவர் அலட்டுகிறார். டீக்கடையிலும் இங்கிலீஷிலேயே பேசுகிறவன் பீட்டர் விடுகிறான். இல்லாததை இருப்பதாகச் சொல்வது ஜம்பம்.

இந்த நாலு பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பார்ப்பதற்கு ஆள் வேண்டும். தெருவில் யாரும் இல்லை என்றால் பைக்காரன் ஆக்ஸிலேட்டரை முறுக்க மாட்டான்.

ஸ்னாப்பின் வேலை வேறு மாதிரி. அவர் காட்டிக்கொள்வதைவிட அளந்து பார்ப்பதுதான் அதிகம். துணிக்கடையில் கெஜக்கோலை வைத்துக்கொண்டு நிற்பவரைப்போல, யார் வந்தாலும் மேலும் கீழும் அளப்பார். பள்ளி, ஏரியா, கல்லூரி, உச்சரிப்பு, கையில் கட்டியிருக்கும் வாட்ச் என்று எதையாவது வைத்து உங்களுக்கு ஒரு படி போடுவார். அந்தப் படிக்கு எவ்வளவு மரியாதை உண்டோ அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

பணம் இருப்பதோ, பேசாமல் இருப்பதோ, முசுடாக இருப்பதோ ஒருவரை ஸ்னாப் ஆக்கிவிடாது. பணமே இல்லாத ஸ்னாப்புகள் ஏராளம். எல்லோரிடமும் ஒரே மாதிரி எரிந்து விழுகிறவரைக்கூட ஸ்னாப் என்று சொல்ல முடியாது. அவருக்கு உலகம் முழுக்க ஒரே படி!

இதுவரை: பந்தாவுக்குப் பார்வையாளர் வேண்டும், ஸ்னாப்புக்கு ஏணி வேண்டும். தன்னைவிட மேல்படியில் இருப்பவரிடம் குழைவதும் கீழ்படியில் இருப்பவரிடம் 'ஓ' சொல்வதும் அவருக்கு ஒரே வேலை.

செருப்புத் தைப்பவரிலிருந்து வந்த சொல்

இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்னாப் என்றால் செருப்புத் தைப்பவர், அல்லது அவரிடம் வேலை பழகும் பையன். மேட்டுக்குடிக்கும் அந்தச் சொல்லுக்கும் எந்த உறவும் கிடையாது.

அங்கிருந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கவுன் மாட்டிக்கொண்டு திரிந்த அந்தப் பையன்கள், கவுன் இல்லாத உள்ளூர்க்காரர்களையெல்லாம் ஸ்னாப் என்றார்கள். நம் கல்லூரிப் பையன்கள் 'லோக்கல்' என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே தொனி. பிறகு பொதுவாகவே கீழ்த்தட்டு ஆள், நாகரிகம் தெரியாதவன் என்று அர்த்தம் விரிந்தது.

சொல்லைத் திருப்பிப் போட்டவர் வில்லியம் தாக்கரே. 1811-இல் கல்கத்தாவில் பிறந்தவர், அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். லண்டனில் 'பஞ்ச்' என்ற நகைச்சுவை வார இதழில் 1846-லும் 1847-லும் இங்கிலாந்தின் ஸ்னாப்புகளைப் பற்றித் தொடர் எழுதினார். 1848-இல் அது புத்தகமானது. அவர் கண்ணில் ஸ்னாப் என்பவன் ஏழை இல்லை. பிரபுக்களின் பட்டத்தையும் பகட்டையும் வாயைப் பிளந்து வியந்து, அவர்களைப்போலவே ஆக முண்டுகிறவன். அற்பமான ஒன்றை அற்பத்தனமாக வியக்கிறவன் என்பது அவர் வரையறையின் சாரம். தொடரை 'அவர்களில் ஒருவன்' எழுதுவதாகப் போட்டுக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அதற்குப் பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்னொரு திருப்பம். மேலே பார்த்து ஏங்குகிறவன் என்பதோடு, கீழே பார்த்து முகம் சுளிக்கிறவன் என்ற அர்த்தமும் சேர்ந்துகொண்டது. இன்று அதிகம் புழங்குவது இதுதான். கீழே இருந்தவனைக் குறித்த சொல், மேலே ஏற முண்டியவனைக் குறித்து, கடைசியில் மேலிருந்து பார்ப்பவனைக் குறிக்கிறது. ஒரே சொல் ஏணி முழுக்க ஏறிவிட்டது.

வாட்சப்பில் வேறு ஒரு கதை சுற்றும். பல்கலைக்கழகப் பதிவேட்டில் பிரபு வம்சம் இல்லாத மாணவர் பெயருக்குப் பக்கத்தில் லத்தீனில் 'சினே நொபிலிடாதே', அதாவது 'குலப்பெருமை இல்லாதவர்' என்று எழுதுவார்களாம், அதைச் சுருக்கித்தான் ஸ்னாப் ஆனதாம். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் ஆதாரம் கிடையாது. செருப்புக் கடைதான் சொல்லின் பழைய முகவரி. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு யாரோ லத்தீன் பட்டுச்சட்டை போட்டு விட்டிருக்கிறார்கள். ஸ்னாப் என்ற சொல்லுக்கே ஸ்னாப்தனமாக ஒரு பூர்வீகம்.

நம் பழமொழி ஒன்றை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்.' வெயிலும் இல்லை, மழையும் இல்லை, எதற்குக் குடை? ஏனென்றால் அந்தக் காலத்தில் குடை வெறும் வெயிலுக்கானது இல்லை. அரசனுக்கு வெண்கொற்றக்குடை. பல இடங்களில் யார் குடை பிடிக்கலாம், யார் செருப்பு போடலாம் என்பதையே பிறப்பு முடிவு செய்தது. அப்படிப் பார்த்தால் பழமொழியின் 'அற்பன்' யார்? குடை பிடிக்க முதல்முறையாக வாய்த்த ஒருவனாகவும் இருக்கலாம். அவனைப் பார்த்துச் சிரிப்பவர் ஏணியில் ஏற்கெனவே மேலே நிற்பவர். தாக்கரேயின் அர்த்தத்தில் குடைபிடிப்பவன் ஸ்னாப். இன்றைய அர்த்தத்தில், சிரிப்பவர்தான் ஸ்னாப்.

சுருக்கமாக: இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். ஒன்று மேலே ஏங்கும், ஒன்று கீழே சுளிக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுதான் வழக்கம்.

சோறு, சாதம், ரைஸ்: உள்ளே என்ன நடக்கிறது?

சங்க காலத்துச் சேர அரசன் ஒருவனுக்குப் பெயரே 'பெருஞ்சோற்று உதியன் சேரலாதன்'. பெயரோடு சோறு ஒட்டியிருப்பது அவனுக்குப் பெருமை. இன்று தி.நகர் ஃபிளாட் ஒன்றில் குழந்தை "சோறு குடு" என்று கேட்டால், "சாதம்னு சொல்லணும்" என்று திருத்துகிறார்கள். ஹோட்டலில் உட்கார்ந்தால் சாதமும் போய்விட்டது. "ரைஸ் வைக்கவா சார்?" தட்டில் விழுவது அதே பொன்னி அரிசி.

கழிவறை இன்னும் வேகமாகப் படி ஏறியது. டச்சுக்காரர்கள் வழியாக வந்த 'கக்கூஸ்', பிறகு லெட்ரின், டாய்லெட், பாத்ரூம், இப்போது ஐ.டி. ஆபீஸ்களில் ரெஸ்ட்ரூம், வாஷ்ரூம். புதுப் பெயர் கொஞ்ச நாள் மணக்கும். எல்லோரும் சொல்லத் தொடங்கியதும் அதன் பவிசு போய்விடும், அடுத்த பெயர் வரும்.

இப்படி ஒருவரை எந்தப் படியில் வைப்பது என்று காட்டிக்கொடுக்கும் சொல், பொருள், பழக்கம் எதையும் 'அந்தஸ்துக் குறி' என்று சொல்லலாம். ஸ்னாப்தனம் ஓடுவது இந்தக் குறிகளை வைத்துத்தான். குறிக்கு மதிப்பு வருவது எல்லோரிடமும் அது இல்லாததால்தான். மற்றவர்கள் அதைப் பிடித்துவிட்டால் மேலே இருப்பவர் அதைக் கீழே போட்டுவிட்டு வேறு ஒன்றை எடுத்துக்கொள்வார். ஒரு காலத்தில் இங்கிலீஷ் மீடியம் போதுமானதாக இருந்தது. தெருவுக்குத் தெரு மெட்ரிகுலேஷன் வந்ததும் சி.பி.எஸ்.இ. அதுவும் பெருகியதும் இண்டர்நேஷனல். பாடம் நன்றாக நடக்கிறதா என்ற கேள்வி வேறு வரிசையில் நிற்கிறது.

இங்கிலாந்திலும் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ஆலன் ராஸ், மேட்டுக்குடியினர் சொல்லும் சொற்களுக்கு 'யூ' என்றும் மற்றவர்கள் சொல்வதற்கு 'நான்-யூ' என்றும் பெயர் வைத்து 1954-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டே நான்சி மிட்ஃபோர்ட் என்ற எழுத்தாளர் அதை நாடு முழுக்கப் பேசவைத்தார். பட்டியலைப் பார்த்தால் வேடிக்கை. கை துடைக்கும் துணிக்கு மேட்டுக்குடி சொல்வது சாதாரண 'நாப்கின்'. ஏற முண்டுகிற நடுத்தர வர்க்கம் சொல்வதுதான் பிரெஞ்சு வாடை அடிக்கும் 'செர்வியெட்'. ஏற்கெனவே மேலே இருப்பவருக்கு அலங்காரச் சொல் தேவைப்படவில்லை. நம் ஊரிலும் கவனித்துப் பாருங்கள். மூன்று தலைமுறைப் பணக்காரர் "சோறு" என்று சொல்லக் கூச்சப்பட மாட்டார். சாதம் என்று திருத்துவது போன தலைமுறையில் மேலே வந்த எங்களைப்போன்ற வீடுகள்தான்.

பணத்தால் மட்டும் வாங்க முடியாத குறிகளும் உண்டு. எந்த ராகம் என்று சட்டென்று சொல்வது, எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது, உச்சரிப்பு. சின்ன வயதிலிருந்து வீட்டில் ஊறி வருவது. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதைப் 'பண்பாட்டு மூலதனம்' என்றார். ரசனையும் பழக்கமும்கூட சொத்துபோலக் கைமாறி வருகின்றன என்பது பொருள். 1979-இல் வந்த அவருடைய பெரிய ஆய்வு முழுக்க இதைப் பற்றித்தான். டிசம்பர் சீசனில் ஏதாவதொரு சபாவில், பாதி ஆலாபனையில் பக்கத்து சீட்காரர் "காம்போதியா?" என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் புன்னகைத்திருந்தால், உங்களுக்குப் பூர்தியூ புரிந்துவிட்டார்.

ஆக, ஸ்னாப் தன் நாக்கையோ காதையோ நம்புவதில்லை. மேல்படியில் இருப்பவர் எதை மதிக்கிறார் என்று பார்த்து, அதையே கோலாகக் கடன் வாங்கிக்கொள்கிறார்.

வேட்டியும் கிளப்பும்

சென்னையில் இதற்கு எடுப்பான உதாரணம் 2014 ஜூலையில் நடந்தது. சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. அதற்கு வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டியிருந்ததால் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். உடை விதி அப்படியாம். சட்டமன்றம் வரை போய், அடுத்த மாதமே, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று தனிச் சட்டம் வந்தது.

விதி எங்கிருந்து வந்தது? 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் நெடுங்காலம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். 1873-இல் இந்தியப் பிரமுகர்கள் தங்களுக்கென்று காஸ்மாபாலிட்டன் கிளப் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் போய்விட்டார். அவர் விட்டுப்போன உடை விதியை மட்டும் பல கிளப்புகள் பத்திரமாகத் துடைத்து வைத்துக்கொண்டன. வாசலில் நீதிபதியை நிறுத்தும்படி விதி எழுதியவர்களின் தாத்தாக்களும் வேட்டிதான் கட்டியிருப்பார்கள். கடன் வாங்கிய கோல் என்று மேலே சொன்னது இதைத்தான்.

இந்தச் சொல்லை வைக்கக்கூடாத இடம்

'டு-லெட்' பலகையில் 'வெஜிடேரியன் மட்டும்' என்று எழுதிவிட்டு, போனில் ஊர், குலதெய்வம் எல்லாம் விசாரிக்கும் வீட்டுக்காரரை "கொஞ்சம் ஸ்னாப்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். அது தப்பான சொல். ஸ்னாப்பின் மனசைக் குறியால் மாற்றலாம். நாளைக்கு என் மகன் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தால் அந்தக் கல்யாணத்து மாமா நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்காருவார். சாதிக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஐ.ஐ.டி.யும் ஐ.ஏ.எஸ்ஸும் வந்தாலும் கேள்வி மாறாது. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்தது, 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் குற்றம் என்று சொல்வதை அசட்டுப் பழக்கம்போலக் காட்ட இந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம்.

போஷ் வேறு

போட் கிளப் ரோடு போஷ் ஏரியா. அதை ஸ்னாப் ஏரியா என்று சொல்ல முடியாது. போஷ் என்பது இடத்துக்கும் பொருளுக்கும் பேச்சுக்கும் பொருந்தும் அடைமொழி. உயர்தரம், செல்வாக்கு என்ற பொருள். ஸ்னாப் ஆளைத்தான் குறிக்கும்.

போஷுக்கும் ஒரு வாட்சப் பூர்வீகம் உண்டு, அதுவும் நம் பக்கத்துக் கடல்வழி. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது வெயில் படாத இடப்புற அறை, திரும்பும்போது வலப்புற அறை, அதாவது 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்', அதன் முதலெழுத்துகள்தான் போஷ் என்பார்கள். அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்டும் இதுவரை கிடைத்ததில்லை. ஆபீஸில் "போஷ் டிரெய்னிங்" என்று மெயில் வந்தால் மட்டும் பெருமைப்பட வேண்டாம். அது 2013-இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்கான வகுப்பு.

பேச்சில் எப்படி வைப்பது?

ஆள் ஸ்னாப், குணம் ஸ்னாபரி, நடத்தை ஸ்னாபிஷ். "அவர் ஸ்னாபரி" என்று சொல்வது பிழை.

தலைகீழ் ஸ்னாப் என்றும் ஒரு வகை உண்டு. ஏசி ஹோட்டல் பொங்கல் நன்றாக இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். "கையேந்தி பவன்ல சாப்பிட்டிருக்கியா? அதான்பா சாப்பாடு" என்பார். ஏணியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார், ஆனால் ஏணி அதேதான். இப்போது புது உணவகங்கள் பெயர்ப்பலகையிலேயே 'சோறு' என்று எழுதி மண்சட்டியில் பரிமாறுகின்றன. பெருஞ்சோற்று உதியன் விலைப்பட்டியலைப் பார்த்தால் மயங்கி விழுவான்.

சமீபத்தில் சொல் கொஞ்சம் செல்லமாகவும் ஆகிவிட்டது. "காபி விஷயத்துல நான் ஸ்னாப்" என்று தன்னைத்தானே கிண்டலாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு பொருளில் மட்டும் தரத்துக்குப் பிடிவாதம் பிடிப்பவர் என்று அர்த்தம். நானும் சிக்கரி கலந்த பொடி வாங்க மாட்டேன். நாக்கு சொல்வதா, மைலாப்பூர் சொல்வதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இதை எழுதுவதற்கு முன் சித்தியிடம் போனில் விளக்கினேன். பெரியப்பா மகன் அன்று காலையில்தான் கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தானாம். வாயைத் திறக்க முடியவில்லை. சித்தி "அடப் பாவமே" என்றார். அப்படியே என் வலது பக்கம் உட்கார்ந்திருந்த மாமாவின் கதையையும், அந்த 'ஓ'வையும் சொன்னேன்.

"யாரு, அவரா? சேச்சே," என்றார் சித்தி. "அவருக்கு அண்ணா நகர்ல சொந்த வீடுடா."